இலை மட்டும் திரும்பவில்லை

ஆலங்கரைக்காரர்கள் தின்றுவிட்டு எறிந்ததெல்லாம் அவரவர் வீட்டுக்கே திரும்பி வரத் தொடங்கியது ஒரு சித்திரை மாதத்தில், வாய்க்காலில் தண்ணீர் வற்றி, தண்ணீர் இருக்கவேண்டிய இடத்தில் கரைக்குக் கரை பிளாஸ்டிக் கவர்களாகக் கிடந்த சமயத்தில். விடிவதற்குச் சற்று முன்னால், பால்காரர் வருவதற்கும் தெருக்குழாயில் காற்று சீறுவதற்கும் இடையில் அவை வந்து சேர்ந்தன. பறந்து வரவில்லை, உருண்டு வரவில்லை, வந்ததை யாரும் பார்க்கவும் இல்லை. கதவைத் திறந்தால் வாசலில் கிடந்தன, அவ்வளவுதான். முந்தின நாள் தின்ற புரோட்டாவின் கவர் சால்னா ஈரத்தோடு கிடந்தது, போன தீபாவளியின் மிக்சர் பாக்கெட் கிடந்தது, பரீட்சையில் தோற்ற அன்றைக்கு பஸ் ஸ்டாண்டில் நின்று அழுதுகொண்டே ஒருவன் குடித்த மாம்பழ ஜூஸ் டப்பா, இப்போது அவன் பெண்டாட்டி பிள்ளைகளோடு குடியிருக்கும் வீட்டுக்கு விலாசம் விசாரித்து வந்ததைப்போல, உறிஞ்சுகுழலோடு வந்து நின்றது.

முதல் வாரம் சண்டையில் போயிற்று. எதிர்வீட்டுக்காரிதான் கொட்டினாள் என்று இந்த வீட்டுக்காரி ஏச, இந்த வீட்டுக்காரியின் குப்பைதான் என் வாசலில் என்று அவள் திருப்பி ஏச, இரண்டு வாசலும் நிறைந்தபடியே இருந்தன. வண்டி வைத்துக் கொண்டுபோய் ஆற்றுக்கு அந்தப் பக்கம் கொட்டினார்கள்; மறுநாள் விடியலில் வண்டி திரும்புவதற்கு முன்பே அது வீட்டில் இருந்தது. எரித்தார்கள், உருகிக் கட்டியாகி, நாற்றத்தோடு வந்தது. தின்றவர் யாரோ அவரிடம்தான் வரும் என்பது பிடிபட்டபோது ஊரில் வேறு சில கலகங்கள் நடந்தன. சுத்த சைவம் என்று பேரெடுத்த வீட்டு முற்றத்தில் பிரியாணி டப்பாக்கள் அடுக்கடுக்காக நின்றன, சர்க்கரை வியாதிக்காரர்களின் கட்டிலடியில் அல்வாப் பொட்டலங்கள் வந்து படுத்துக்கொண்டன. துபாய்க்குப் போய்விட்டவர்களின் பூட்டிய வீடுகள் உள்ளுக்குள்ளேயே நிறைந்து, ஒருநாள் சன்னலை உடைத்துக்கொண்டு மின்னும் ஊறுகாய்த் தாள்களைத் தெருவில் கக்கின. வீடே இல்லாமல் பஸ் ஸ்டாண்டில் படுத்திருக்கும் கிறுக்கனுக்குக்கூட அவன் தலைமாட்டில் கொஞ்சம் வந்தது.

சண்முகவடிவின் வாசலுக்கு மட்டும் ஒன்றும் வரவில்லை.

அவள் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இட்லிக் கடை வைத்திருந்தாள். வாழையிலையை வாட்டி, அதில் இட்லியை வைத்து, மேலே பேப்பர் சுற்றி, வாழைநாரால் கட்டிக் கொடுப்பாள். சாம்பாருக்குப் பாத்திரம் கொண்டுவராதவர்களுக்குச் சாம்பார் கிடையாது, எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் சரி. சுற்றுச்சூழல் என்ற பேச்செல்லாம் அவளுக்குத் தெரியாது. சின்ன வயதில் அவள் வீட்டுப் பசு வயிறு ஊதிச் செத்தபோது, அறுத்துப் பார்த்தவர்கள் அதன் வயிற்றிலிருந்து கவர் கவராக உருவிப் போட்டதை அவள் நின்று பார்த்திருந்தாள், அன்றிலிருந்து பிடிவாதம். பாலைச் செம்பில் வாங்கினாள், எண்ணெயைத் தூக்குச்சட்டியில் வாங்கினாள், பொரிகடலையை முந்தானையில் வாங்கினாள். திருப்பூருக்குப் போய் அங்கேயே இன்னொரு குடும்பமாகிவிட்ட அவள் புருஷனின் கவர்களெல்லாம் திருப்பூர்க்காரியின் தலையில் விடிந்துகொண்டிருக்கும். அந்த மட்டில் அவளுக்கு நிம்மதிதான். இலை எறிந்தால் ஆடு தின்றது, ஆடு தின்னாததை மண் தின்றது. தின்று முடிந்ததை எங்கிருந்து திருப்பி அனுப்ப?

ஊர் அவள் வாசலைப் பார்க்க வந்தது. கோலம் போட இடமிருந்த ஒரே வாசல் அதுதான். வியாபாரிகள் சங்கத் தலைவர் வேலாயுதப்பெருமாள் அண்ணாச்சி, ஊரிலேயே பெரிய புரோட்டாக் கடைக்காரர், தன் வீட்டு மாடிப்படியில் கால் வைக்க இடமில்லாமல் ஏணி வைத்து ஏறி இறங்குகிறவர், அவளுக்கு ஒரு சந்தன மாலை கொண்டுவந்து போட்டார்.

"ஊருக்கே நீதாம்மா வழிகாட்டி. நாளையிலேர்ந்து என் கடையிலயும் இலைதான், சொல்லிட்டேன்" என்றார்.

சொன்னபடி செய்யவும் செய்தார். கொஞ்ச நாள், மெய்யாகவே கொஞ்ச நாள், ஆலங்கரையில் எல்லோரும் இலையில் கட்டினார்கள். வாழைத்தோட்டக்காரர்கள் சிரித்தார்கள். வாய்க்காலின் அடிமணல் தெரிந்தது. அந்த மணல் வெள்ளை நிறம் என்பதே பலருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அந்த நாட்களோடு கதையை நிறுத்திக்கொள்ளத்தான் எனக்கும் ஆசை, ஊர் விட்டால்தானே.

மேலாகக் கிடந்ததெல்லாம் வந்து தீர்ந்த பிறகு, அடியில் கிடந்தவை வரத் தொடங்கின. சண்முகவடிவின் பக்கத்து வீட்டுப் பேச்சியம்மாளின் புருஷன் சுடலைமுத்து லாரி ஓட்டியவன், கயத்தாறு பக்கம் வண்டி கவிழ்ந்து போய்ச் சேர்ந்து வருஷங்களாகிவிட்டன. அவனுக்கு ஒரு பழக்கம்: தின்று முடித்த கவரைச் சும்மா எறியமாட்டான், முறுக்கி, இரண்டு காது வைத்து முயல் மாதிரி ஒரு முடிச்சுப் போட்டுத்தான் எறிவான். ஒரு விடியலில் பேச்சியம்மாளின் வாசலில் முயல்கள் உட்கார்ந்திருந்தன. ஒன்று, இரண்டு அல்ல. அவன் ஓட்டிய சாலைகளிலெல்லாம் தின்று எறிந்த முயல்கள். பேச்சியம்மாள் ஒன்றை எடுத்து முகர்ந்தாள். பீடி நாற்றமும் சால்னா வாசனையும் அவன் வாயும் அப்படியே இருந்தன. அவள் போட்ட அலறலில் தெரு எழுந்து வந்தது.

"வந்துட்டாவ மயினி! எங்க வீட்டு ஆளு வந்துட்டாவ!"

அதற்குப் பிறகு ஊரின் மனசு மாறிவிட்டது. செத்துப்போன தாயின் பல் பதிந்த முறுக்குக் கவர் வந்தது, ஓடிப்போன தம்பியின் மிட்டாய்த் தாள் வந்தது, தவறிப்போன பச்சைப்பிள்ளையின் பால் பாக்கெட் வந்தது, பாக்கெட்டின் முனையைத் தாய் பல்லால் கடித்துக் கிழித்த தடத்தோடு. போட்டோவை எடுத்துவிட்டு மாடத்தில் கப்பை வைத்தார்கள். அதற்குப் பொட்டு வைத்தார்கள். அமாவாசைக்குப் பாக்கெட்டின் முன்னால் இலை போட்டுப் படைத்தார்கள், ஆனால் அந்த இலையைத் தவிர வேறு எதற்கும் இலையை எடுக்கக் கை வரவில்லை. இலையில் தின்றால் என்ன மிஞ்சும்? வேலாயுதப்பெருமாள் அண்ணாச்சி சத்தமில்லாமல் மறுபடி கவருக்கு மாறினார்.

இப்போது வேறொரு கேள்வி வந்தது. திரும்பி வரப்போவது நிச்சயம், வைத்துக்கொள்ளப் போவதும் நிச்சயம். அப்படியானால் எதில் தின்றால் நல்லது? கல்யாண மண்டபத்தில் சங்கம் கூடிற்று. ஜமுக்காளத்தில் உலகத்தில் உள்ள டப்பா, கப், கவர், தாள் எல்லாவற்றையும் பரப்பி வைத்து, மாப்பிள்ளை பார்க்கிற மாதிரி ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். வட்ட டப்பா உருண்டோடும், அடுக்கினால் நடுவில் சந்து விழும், சந்தில் எலி குடியேறும் என்றார் ஒருவர். தயிர்க் கப் ஒன்றுக்குள் ஒன்று போகும், ஒரு குடும்பத்துத் தயிரையெல்லாம் ஒரு மூலையில் தூண் மாதிரி நிறுத்திவிடலாம் என்றார் இன்னொருவர். வெள்ளித்தாள் டப்பா நசுக்கினால் நசுங்கும், இடம் அடைக்காது, ஆனால் நசுங்கினால் யாருடைய முகம் அதில் நிற்கும் என்று ஒரு பெண் கேட்டாள். தெர்மாகோல் தட்டு கனமில்லை, ஆனால் உதிரும். அட்டைப்பெட்டியைக் கரையான் அரிக்கும். குட்டிப் பாக்கெட்டுகளைப் பற்றிப் பேச்செடுத்ததுமே எல்லோரும் கையெடுத்துக் கும்பிட்டார்கள். அடுக்கவும் முடியாது, கட்டவும் முடியாது, காற்றடித்தால் அப்பன் ஒரு வீட்டில் பிள்ளை ஒரு வீட்டில் என்று போய்விடும்.

கடைசியில் மூடி போட்ட கறுப்புச் சதுர டப்பா ஜெயித்தது. அடுக்கலாம், சுவராக எழுப்பலாம், எழுப்பிய சுவரில் ஆணி அடிக்கலாம், எந்தக் காலத்திலும் மக்காது.

"எலையக் கட்டக் கடேசியில வைங்க" என்றார் அண்ணாச்சி, வழிகாட்டி என்று சொன்ன அதே வாயால். "எலைக்குப் பொறவு ஒண்ணும் இருக்காது. குடும்பம் நடத்துதவனுக்கு அது ஆகாது."

அதிலிருந்து சண்முகவடிவின் கடைக்கு வருகிறவர்கள், குறிப்பாகப் பிள்ளைத்தாய்மார்கள், தயங்கித் தயங்கிக் கேட்டார்கள்.

"மயினி, பிள்ளைக்கு மட்டும் டப்பாவுல வச்சுக் குடுங்களேன். நாளப்பின்ன ஒண்ணு கெடக்கட்டும்."

"இட்லி வேணும்னா வாங்கு. டப்பா வேணும்னா டப்பாக் கடைக்குப் போ" என்பாள் அவள். கூட்டம் குறைந்தது.

வெளியில் இப்படிச் சொன்னவள் விடியலில் என்ன செய்தாள் என்பது பேச்சியம்மாளுக்கு மட்டும் தெரியும். பால்காரர் வருவதற்கு முன்பே கதவைத் திறந்து, பெருக்கிய வாசலைப் பார்த்துக்கொண்டு படியில் உட்கார்ந்திருப்பாள். அவளுக்கு ஒரு மகள் இருந்தாள், கோமதி. நாலாம் வகுப்பில் படிக்கும்போது, ஐப்பசி மழையில், கொசுக் காய்ச்சல் வந்து போய்விட்டாள். திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் டாக்டர், வீட்டைச் சுற்றித் தண்ணீர் தேங்குகிறதா என்று கேட்டார். எங்கள் வீட்டில் ஒரு சிரட்டைகூடக் கிடையாது ஐயா என்றாள் இவள். அது உண்மை. தேங்கியது ஊரார் எறிந்த கப்புகளில், சந்து பொந்து முழுக்க, ஒவ்வொரு கப்பிலும் ஒரு கை மழைத்தண்ணீர். எந்த வீட்டுத் தயிர்க் கப்பில் அந்தக் கொசு பிறந்தது என்று யார் கண்டார்கள்? ஊர் முழுவதும் அந்தக் கப்புகள் இப்போது மாடத்தில் பொட்டோடு இருந்தன.

பிள்ளைக்குப் பாக்கெட் தின்பண்டத்தின் மேல் உயிர். எல்லாப் பிள்ளைகளுக்கும் உள்ளதுதான். சண்முகவடிவு ஒருநாளும் வாங்கிக் கொடுத்ததில்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் வாசலிலேயே நிறுத்தி, "ஊது" என்பாள். பிள்ளை வாயைத் திறந்து "ஹா" என்று ஊதும். முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் உள்ளே விடுவாள். வெளியே எதையாவது தின்றிருந்தால் தோலை உரித்துவிடுவேன் என்று சொல்லியிருந்தாள். ஒருநாளும் ஒரு வாசனையும் வந்ததில்லை. வெறும் பிள்ளை வாசனை. இப்போது அவள் படியில் உட்கார்ந்து வேண்டிக்கொண்டதெல்லாம் ஒன்றுதான்: அந்தப் பிள்ளை ஒரே ஒருநாளாவது தன்னை ஏமாற்றியிருக்க வேண்டும். ஒரு புளிப்பு மிட்டாய்த் தாள் போதும். குச்சி ஐஸின் கவர் போதும். களவாண்டு தின்றிருந்தாலும் சரி. பெற்ற பிள்ளை பொய்க்காரியாக இருந்திருக்க வேண்டுமே என்று இசக்கியம்மனுக்கு மாவிளக்கு நேர்ந்துகொண்ட தாய், எனக்குத் தெரிந்து, அவள் ஒருத்திதான்.

வாசல் சுத்தமாகவே விடிந்தது.

ஆனாலும் அவள் ஓயவில்லை என்பதையும் சொல்லவேண்டும். புரட்டாசி கடைசியில் மேகம் கட்டத் தொடங்கியதும், முற்றங்களிலும் மொட்டைமாடிகளிலும் நிரம்பி வழிந்த கப்புகளைப் பார்த்துவிட்டு, வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டினாள்.

"தாயி, வச்சுக்கிடுங்க, வேண்டாங்கல. கவுத்தி வைங்க. தண்ணி நின்னாக் கொட்டிருங்க. பிள்ளைய இருக்க வீடு."

"கவுத்தி வச்சா அவுக மூச்சு போயிருமே மயினி" என்றார்கள். செத்தவர்களின் எச்சில் பட்ட இடத்தில் தேங்கிய தண்ணீரைக் கொட்ட மனசு வரவில்லை. சிலர் அதைத் தீர்த்தம் போலத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். முகத்துக்கு முன்னால் தலையாட்டியவர்களில் சிலர் கவிழ்த்தும் வைத்தார்கள், அவள் தெருமுனை திரும்பியதும் நிமிர்த்தி வைத்தார்கள். அவளும் விடாமல் மறுநாள் போனாள். வசவு வாங்கினாள், நாய் துரத்திற்று, மறுபடியும் போனாள். ஊரில் ஒருத்தராவது அதைச் செய்துகொண்டிருந்தார்கள் என்றால் அது அவள்தான்.

அப்படிப் போய்க்கொண்டிருந்த ஒரு காலையில்தான் பேச்சியம்மாள் சுவருக்கு மேலாகக் கூப்பிட்டாள். அவள் குரலே சரியில்லை.

"மயினி, இங்கன கொஞ்சம் வாங்க. எங்க வாசல்ல ஒண்ணு வந்துருக்கு. உங்க கோமு பேரு போட்டுருக்கு."

சண்முகவடிவு ஓடிய ஓட்டத்தில் சேலைத் தலைப்பு முள்வேலியில் மாட்டிக் கிழிந்தது, அவளுக்குத் தெரியவில்லை. முயல்களுக்கு நடுவில் ஒரு சின்ன ஐஸ்கிரீம் கப் நின்றது. ரோஸ் நிறம் பக்கவாட்டில் வழிந்து காய்ந்திருக்க, மேலே மூடியும், அதற்குள் தட்டையான மரக்கரண்டியும். கப்பில் மார்க்கர் பேனாவால் டீச்சரின் உருண்டைக் கையெழுத்தில் "கோமதி, 4" என்று இருந்தது. பள்ளிக்கூட விளையாட்டு விழாவுக்கு யாரோ ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தார்களாம்; ஒருத்தரே இரண்டு எடுத்துவிடக் கூடாதென்று ஒவ்வொரு கப்பிலும் டீச்சர் பேர் எழுதியிருந்தார்.

அவள் அதைக் கையில் எடுத்தாள், நெஞ்சோடு வைத்துக்கொண்டாள், சிரித்தாள். பேச்சியம்மாள் அவள் அப்படிச் சிரித்துப் பார்த்ததேயில்லை.

"தின்னுருக்கா பாத்தியளா! கள்ளி, என்கிட்ட ஊதிக் காட்டிட்டு, எம்புட்டு நெஞ்சழுத்தம் பாத்தியளா பேச்சி!"

சொல்லும்போதே சிரிப்பு மெல்ல அடங்கிற்று. தின்றவரிடம்தானே வரும். கோமதி தின்றது என்றால் கோமதியின் வீட்டுக்கல்லவா வந்திருக்கவேண்டும். சுவருக்கு அந்தப் பக்கம் பெருக்கிய வாசல் கிடக்க, இது ஏன் இங்கே வந்தது? அவள் திரும்பிப் பார்த்தாள். பேச்சியம்மாளின் மகள் மாரிச்செல்வி, கோமதியோடு ஒரே பெஞ்சில் இருந்தவள், இப்போது தாவணி போடுகிற அளவுக்கு வளர்ந்துவிட்டவள், கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முகம் வெளிறியிருந்தது.

"நான்தான் தின்னேன் அத்த" என்றாள். "அவ எனக்குக் குடுத்துட்டா."

"அவ ஒரு வாய்கூடவா திங்கல?"

"இல்ல அத்த."

"மூடியில ஒட்டியிருக்குமேட்டி. மூடிய நக்கிருப்பால்லா? நல்லா யோசிச்சுச் சொல்லு. மூடிய நக்கிருப்பா."

மாரிச்செல்விக்கு அழுகை வந்துவிட்டது. "மூடிய மூக்குக்கிட்ட வச்சு ரொம்ப நேரம் மோந்து பாத்தா அத்த. நக்குட்டின்னு நாந்தான் சொன்னேன். எங்கம்ம வாய மோந்து பாப்பா, வேண்டான்னா. தண்ணிய ஊத்திக் கொப்பளிச்சாத் தெரியாதுட்டின்னேன். அதுக்கு அவ, அம்மைக்குத் தெரியாது, ஆனா எனக்குத் தெரியும்லான்னுட்டு மூடியவும் எங்கிட்டயே குடுத்துட்டா."

சண்முகவடிவு மாரிச்செல்வியின் தலையைத் தடவிக் கொடுத்தாள், கப்பை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள். வைத்துக்கொள்ளுங்கள் என்று பேச்சியம்மாளும் சொன்னாள், பெரிய மனசோடுதான் சொன்னாள். ஆனால் விடிந்தபோது சண்முகவடிவின் மடியில் ஒன்றும் இல்லை. கப் சுவருக்கு அந்தப் பக்கம், தன்னைத் தின்றவளின் வாசலில், முயல்களுக்கு நடுவில் நின்றது. மறுநாளும் எடுத்து வந்தாள், மறுநாளும் போய்விட்டது. அதற்குப் பிறகு அவள் எடுத்து வரவில்லை.

வீடு வீடாகப் போவதையும் நிறுத்திவிட்டாள். ஐப்பசி மழை கொட்டியபோது ஊரின் கப்புகளெல்லாம் வாய் திறந்து வாங்கிக்கொண்டன. கவிழ்த்து வையுங்கள் என்று சொல்ல ஆள் இல்லை. காய்ச்சல் வந்தது. அந்த முறை போன பிள்ளைகள் நிறைய மிச்சம் வைத்துவிட்டுப் போனார்கள், டப்பா டப்பாவாக, பாக்கெட் பாக்கெட்டாக, விடியலுக்கு விடியல் வந்துகொண்டே இருந்தன. தாய்மார்கள் அவற்றைக் கட்டிக்கொண்டு அழுதார்கள், அழுது முடித்து அடுக்கினார்கள். முன்காலத்தில் இந்த ஆறுதல்கூட இல்லையே என்று துஷ்டி வீடுகளில் இழவு கேட்க வந்தவர்கள் பேசிக்கொண்டார்கள்.

கார்த்திகை பிறந்ததும் சண்முகவடிவு, மழையில் மூடிக் கிடந்த கடையைத் திறந்தாள். இலைக்கட்டு வாங்கவில்லை. கறுப்புச் சதுர டப்பாக்கள் வாங்கி வந்து அடுக்கியிருந்தாள். முதலில் வந்த பிள்ளைத்தாய் ஒன்றும் கேட்காமல் தயங்கி நின்றாள். இவள் டப்பாவில் இட்லியை வைத்து, மூடியை நான்கு பக்கமும் அழுத்தி, சாம்பாரைக் கவரில் ஊற்றிக் கட்டிக் கொடுத்தாள்.

"நீங்களும் மாத்திட்டியளா மயினி?" என்று கேட்டாள் அந்தப் பெண். சந்தோஷமாகத்தான் கேட்டாள்.

"ஆமா" என்றாள் சண்முகவடிவு. "பிள்ளைக்குக் குடு. ஆசைப்படுததெல்லாம் வாங்கிக் குடு."

அன்றைக்குச் சாயந்திரம் அவள் பஸ் ஸ்டாண்ட் கடையில் ரோஸ் நிற ஐஸ்கிரீம் ஒன்று வாங்கினாள். வாய்க்கால் பாலத்தில் உட்கார்ந்து, பல் கூசக் கூச, முதலில் மூடியை நக்கி, பிறகு கப்பை அடிவரை வழித்துத் தின்றாள். வெறும் கப்பை வாய்க்காலில் போட்டாள். மறுநாள் விடியலில் அது அவள் வாசலில், கோலத்துக்கு நடுவில் நின்றது. சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து பேச்சியம்மாள் பார்த்துவிட்டாள்.

"உங்க வீட்டுக்கும் வந்துட்டு மயினி" என்றாள், கண் கலங்கி.

சண்முகவடிவு கப்பைக் கையில் எடுக்கவில்லை. கோமதி வந்து நிற்கும் இடத்தில், வாசல்படிக்கு வெளியே, வீட்டுக்குள் பார்த்தபடி நின்றாள். உள்ளே இருட்டாக இருந்தது. ஊது என்று சொல்ல அங்கே யாரும் இல்லை. இருந்தாலும் அவள் வாயைத் திறந்து, "ஹா" என்று ஒருமுறை ஊதிக் காட்டினாள்.